வெள்ளையம்மாள் காத்திருந்த மரண அறிவித்தல்

ஏற்காட்டு மலையில் தலைச்சோலைக்கு மேலே, காப்பித் தோட்டத்துக்குள் ஒதுங்கிக் கிடந்த அந்த லைன் வீடுகளில் பொழுது விடிவதே யாராவது ஒருத்தர் செத்த சேதியோடுதான். கோடி வீட்டு வெள்ளையம்மாள் அடுப்பைப் பற்றவைத்து, பால் விடாத சாயத்தண்ணிக்குப் பாத்திரத்தை ஏற்றிவிட்டு, அலமாரியிலிருந்து டிரான்சிஸ்டரை எடுப்பாள். குமிழைத் திருகினால் கொஞ்ச நேரம் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இரையும். அப்புறம் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஆண் குரல், எந்த அவசரமும் இல்லாமல், அட்சர சுத்தமாகச் சொல்லும்: "மரண அறிவித்தல்."

இதென்ன கூத்து என்று கேட்பீர்கள். நம்மூர் வானொலியில் ஒருத்தர் செத்த சேதி வரவேண்டுமானால் அவர் மந்திரியாகவாவது இருந்து சாக வேண்டும். இலங்கை வானொலிக்கு அந்தப் பாகுபாடு கிடையாது. மளிகைக் கடைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார், தோட்டத்துக் கங்காணி என்று யார் செத்தாலும் வீட்டார் தகவல் கொடுத்துவிட்டால் போதும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார், அன்னார் இன்னாரின் மனைவி, இன்னார் இன்னாரின் தாயார், இத்தனை மணிக்கு அடக்கம் என்று முழு உறவையும் வரிசையாக வாசித்துவிடுவார்கள். மலைக்கு ஒரு தோட்டமும் தோட்டத்துக்கு ஓர் உறவுமாகச் சிதறிக் கிடக்கிற நாட்டில், சாவுக்கு ஆள் கூடுவது இப்படித்தான். அங்கே காலையில் எல்லா வீட்டிலும் இதைக் கேட்பார்கள். ஏற்காட்டு மலையில் கேட்டவள் வெள்ளையம்மாள் ஒருத்திதான்.

பக்கத்து வீட்டுக் கமலா கிளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் ஒரு பெரிய தப்பு பண்ணினாள். வந்த மறுநாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் "பண்டாரவளையைச் சேர்ந்த செல்லையா காலமானார்" என்று குரல் கேட்டது. எட்டிப் பார்த்தால் வெள்ளையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். அது அடுப்புப் புகை. கமலாவுக்கு அது தெரியுமா? ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து அழுதாள். எழவு வீட்டில் அடுப்பெரியக் கூடாது என்று தன் வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். அடுத்த நாள் மாத்தளையில் ஒரு பாக்கியம். அதற்கும் அழுகை, அதற்கும் கஞ்சி. வெள்ளையம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாலும் கமலா விடவில்லை. அதற்கும் அடுத்த நாள் பதுளையில் ஒருத்தர் போனதும் கமலா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏனுங்க்கா, உங்க வம்சத்துல கொள்ளநோயி ஏதாச்சுமுங்களா? தெனம் ஒருத்தரு போறாங்களே! இன்னும் எத்தன பேருதானுங்க பாக்கி?"

புருசன் போன பிறகு வெள்ளையம்மாள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"அடி இவளே, இவங்கள்ல ஒருத்தரும் எனக்குச் சொந்தமில்ல."

"பின்ன எதுக்குங்க்கா வெள்ளனே எந்திரிச்சு இந்தக் கருமத்தக் கேக்கறீங்க?"

"எங்காத்தா பேரு வருதான்னு பாக்கத்தான்" என்றாள் வெள்ளையம்மாள். சிரிப்பு அதோடு நின்றுவிட்டது.

அவளுடைய ஆத்தா அங்கம்மாள் இருந்தது இலங்கையில், ஹட்டனுக்குப் பக்கத்தில் குயில்மலைத் தோட்டத்தில். வெள்ளையம்மாள் பிறந்து வளர்ந்ததும் அங்கேதான். அந்தத் தீவின் சரித்திரத்தை அவள் சொன்னால் அதில் ராஜா ராணி யாரும் வரமாட்டார்கள். செடிகள்தான் வரும். வெள்ளைக்காரன் அங்கே மலை நாட்டைப் பிடித்தான், காட்டை வெட்டினான், காப்பி வைத்தான். பழம் பறிக்க ஆள் வேண்டுமே! பஞ்சத்தில் அடிபட்டுக் கிடந்த சேலம், திருச்சி, மதுரைப் பக்கத்துச் சனங்களைக் கங்காணிமார் ஆசை காட்டிக் கூட்டிப்போனார்கள். கடற்கரை வரை நடை. தோணியில் மன்னார். அங்கிருந்து மாத்தளை வரை காட்டுக்குள் மறுபடியும் நடை. பேதி வந்து விழுந்தவர்களைத் தூக்க ஆளில்லாமல் விட்டுவிட்டுப் போனார்கள். அப்படிப் போய்ச் சேர்ந்தவர்களில் ஒருத்தர் வெள்ளையம்மாளின் பாட்டனுக்குப் பாட்டன், சேலம் ஜில்லாக்காரர். ஜில்லாப் பேர் மட்டும் குடும்பத்தில் தங்கியது. ஊர்ப் பேர் மறந்துபோனது.

காப்பி அவர்களைக் காப்பாற்றவில்லை. இலையில் துரு மாதிரி மஞ்சள் பொடி பூத்து மலை மலையாகச் செடி செத்தது. வெள்ளைக்காரன் விடுவானா? காப்பியைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை வைத்தான். காப்பி பறித்தவன் பேத்தி கொழுந்து கிள்ளினாள்; அவள் பேத்தியும் கிள்ளினாள். பிறகு வெள்ளைக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு கப்பலேறினான். நாட்டுக்குச் சுதந்திரம் வந்த கையோடு, இந்தத் தோட்டத்துச் சனங்கள் இந்த நாட்டுக் குடிகளே இல்லை என்று ஒரு சட்டமும் வந்தது. பல வருசம் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் கொழுந்து கிள்ளினார்கள். கடைசியில் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து, உனக்கு இத்தனை லட்சம், எனக்கு இத்தனை லட்சம் என்று சந்தையில் ஆட்டைப் பிரிக்கிற மாதிரி ஆளைப் பிரித்துக்கொண்டார்கள். பிரித்தவர்களுக்கு வீட்டில் அக்கா தம்பி யாரும் இல்லையோ என்னவோ.

வெள்ளையம்மாளின் புருசன் மாதப்பன் இந்தியாவுக்குப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தான். தம்பி ராஜேந்திரன் இலங்கையிலேயே இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தான். ஆத்தா மகனோடு இருந்தாள். வருசங்கள் போயின. எழுபத்து மூன்றில் தோட்டத்தில் மாவு கிடைக்காமல், பாண் ரொட்டிக்கு வரிசை நின்று நின்று கால் ஓய்ந்த நேரத்தில் மாதப்பனுக்கு உத்தரவு வந்தது. போகலாம்.

"போகாத" என்றாள் அங்கம்மாள். "அங்க ஒனக்கு யாரு இருக்கா? ஒங்கப்பன், பாட்டன் எலும்பெல்லாம் இந்தத் தேயிலத் தூருல கெடக்கு."

வெள்ளையம்மாளுக்கும் பசி, ஆத்திரம். வாய் சும்மா இருக்கவில்லை. "சோத்துக்கு வழியில்லாத எடத்துல எலும்ப வச்சுக்கிட்டு என்னா பண்றது? நீயே வச்சுக்க."

கட்டின புருசன் எலும்பை அப்படிச் சொன்னால் எந்தப் பொம்பளை பொறுப்பாள்? அங்கம்மாள் எழுந்து நின்று, லயத்து வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "எனக்கு ஒரே புள்ள. ராஜேந்திரன். நான் செத்தா ரேடியோவுலயும் அப்பிடித்தான் சொல்லணும்."

மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குப் போகிற ரயிலுக்கு அழுகைக் கோச்சி என்றே பேர். போகிறவர்கள் உள்ளேயிருந்து அழ, வழியனுப்ப வந்தவர்கள் பெட்டி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு ஓடி அழுவார்கள். ஹட்டன் ஸ்டேஷனில் தம்பி வந்து நின்றான். ஆத்தா வரவில்லை. ரயில் வளைவு திரும்புகிறவரை வெள்ளையம்மாள் ஸ்டேஷன் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கப்பலில் கடல் தாண்டி வந்து மண்டபம் முகாமில் "எந்த ஜில்லா?" என்று கேட்டபோது மாதப்பன் "சேலமுங்க" என்றான். சேலத்தில் வந்து இறங்கினால் வெயில் மண்டையைப் பிளந்தது. குளிரில் பிறந்த உடம்பு தாங்கவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் மலையைக் கையால் காட்டினார். வளைந்து வளைந்து பஸ் ஏறி ஏற்காட்டில் இறங்கியதும் வெள்ளையம்மாளுக்குத் திகைப்பு. அதே மூடுபனி. அதே நிழல் மரம். சிவப்புத் தகரக் கூரை போட்ட அதே துரை பங்களா. வெள்ளைக்காரன் இரண்டு மலையையும் ஒரே கையால்தான் செய்திருக்கிறான் என்று நினைத்தாள்.

ஆனால் மழை அவளை ஏமாற்றியது. ஹட்டனில் வைகாசி முடிந்தால் வானம் ஓட்டையாகிவிடும். அந்தப் பழக்கத்தில் முதல் வருசம் வைகாசியிலேயே விறகை அடுக்கி, கூரை ஒழுக்கை அடைத்து, இரண்டு மாதத்துக்கு வேண்டிய கருவாடு வாங்கிக் கட்டித் தொங்கவிட்டாள். லைனே வேடிக்கை பார்த்தது. கொட்ட வேண்டிய மழை ஐப்பசியில் வந்தபோது கருவாடு தீர்ந்துபோயிருந்தது. வேலையிலும் அதே கதை. கொழுந்து கிள்ளின கை இரண்டும் ஓடுகிற ஓட்டத்தில் சிவந்த பழம், பச்சைக் காய் எல்லாவற்றையும் உருவிக் கூடையில் போட்டுவிட்டுத் திட்டு வாங்கினாள். பழம் பழமாகப் பார்த்து எடுக்கப் பழகுவதற்கு ஒரு பருவம் பிடித்தது. அங்கே இருந்தவரை அவளை இந்தியாக்காரி என்றார்கள். இங்கே வந்ததும் சிலோன்காரி என்றார்கள். அவள் இரண்டுக்கும் திரும்பிப் பார்த்தாள்.

பிள்ளை குட்டி இல்லை. எண்பத்தொன்றில் நிழல் மரத்துக் கிளை கழிக்க ஏறிய மாதப்பன் ஈரத்தில் வழுக்கி விழுந்து போய்விட்டான். தம்பியிடமிருந்து எப்போதாவது கடுதாசி வரும். "அம்மா நலம்" என்று ஒரு வரி இருக்கும். அம்மா சொன்னதாக ஒரு வரி எப்போதும் இருக்காது. எண்பத்து மூன்று ஆடியில் அங்கே கலவரம். தமிழர்களைக் கண்ட இடத்தில் வெட்டினார்கள், தோட்டத்து லயங்களையும் கொளுத்தினார்கள் என்று சேதி வந்தது. அதற்குப் பிறகு இவள் போட்ட கடுதாசி எதற்கும் பதிலில்லை. அடுத்த வருசம் தலைமன்னார்க் கப்பலும் நின்றது. கடலுக்கு அந்தப் பக்கத்தோடு அவளுக்கு மிச்சமிருந்தது அந்த டிரான்சிஸ்டர் ஒன்றுதான்.

அதனால்தான் கேட்டாள். ஆத்தா உயிரோடு இருக்கிறாளா என்று தெரிய வேண்டும். பேர் வராத ஒவ்வொரு நாளும் ஆத்தா இருக்கிறாள் என்று அர்த்தம். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்றும் இருந்தது. வருகிற அன்றைக்கு ஆத்தாவுக்கு ஒரு பிள்ளை என்று வாசிப்பார்களா, இரண்டு பிள்ளை என்று வாசிப்பார்களா? புருசனும் இல்லாத, பிள்ளையும் இல்லாத ஒருத்தியின் பேரை இந்த உலகத்தில் யாரும் உறவு சொல்லி வாசிப்பதற்கு வேறு இடமே கிடையாது. வெள்ளையம்மாள் மூத்தவள். இரண்டு பிள்ளை என்றால் அவள் பேர்தான் முதலில் வர வேண்டும். தகப்பன் பழனியாண்டி பேர் முடிந்ததும் நேரே ராஜேந்திரன் என்று வந்துவிட்டால் ஆத்தா சொன்னது சொன்னதுதான்.

கமலாவிடம் சொன்ன சங்கதி லைன் முழுக்கப் பரவாமல் இருக்குமா? அன்றிலிருந்து மற்றவர்களும் காதைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். முதலில் எரிச்சல்பட்டவர் ஆள் கணக்கெழுதுகிற எஸ்டேட் ரைட்டர் தேவசிகாமணி. காலையில் ஆள் கூடும் நேரத்தில் பாதிப் பேர் வரக்காணோமே என்று லைனுக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, பொழுது விடிஞ்சா சாமி பாட்டு கேக்கலாம், மாதா பாட்டு கேக்கலாம். இதென்னம்மா சாவோல? வேல வெட்டி வெளங்குமா?" என்று சத்தம் போட்டார். போட்டுக்கொண்டே நின்றவர் அறிவித்தல் முடிகிறவரை நின்றார். அந்தக் குரலின் தமிழ் அவரைப் பிடித்துக்கொண்டது. மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வேத வாசகம் படிக்கிறவர் அல்லவா? அடுத்த ஞாயிறு அவர் வாசித்தபோது அன்னார், பூதவுடல் என்றெல்லாம் வந்து விழுந்ததாகக் கமலா கேலி பண்ணுவாள். அதை நம்ப வேண்டாம். ஆனால் அதற்குப் பிறகு அவர் காலையில் லைன் வழியாகத்தான் நடந்தார்.

வருசம் போகப் போக, சேலம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டாத சனங்களுக்கு அந்தத் தீவு அத்துப்படி ஆனது. காப்பிக் களத்தில் பழத்தைத் துழாவிக்கொண்டே வெள்ளையம்மாள் காலால் ஒரு மாங்காய் வரைவாள். காம்புப் பக்கம் யாழ்ப்பாணம், பனைமரமும் வெயிலும். கீழே வவுனியா, குளமும் காடும். நடுவில் வீங்கினாற் போல மலை, அதில் ஹட்டன், அதற்குக் கிழக்கே பதுளை. கிழக்குக் கடலோரம் மட்டக்களப்பு. கமலா பூசணி நறுக்கும்போதுகூட, "இன்னைக்கு மட்டக்களப்புல ஒரு பெரியவருங்க்கா, ஒம்பது மக்களாமா! பேரு வாசிச்சே அந்தாளுக்குத் தொண்ட வத்திப்போச்சு" என்பாள். ஒன்பது மக்கள் பேர் வாசிக்கப்பட்ட அன்றைக்கு வெள்ளையம்மாள் மாங்காய் வரையவில்லை.

எண்பத்தாறு மார்கழியில் அது வந்தது.

மூன்று நாளாக மலையைப் பனி மூடியிருந்தது. பேட்டரிக் கட்டைகளை வெயிலில் காயவைத்தால் இன்னும் ஒரு வாரம் ஓட்டலாம், வெயிலே இல்லை. குரல் சன்னமாகத்தான் வந்தது. வெள்ளையம்மாள் டிரான்சிஸ்டர் பெட்டியைக் காதோடு அணைத்துக்கொண்டிருந்தாள். கமலா வாசலில் நின்றாள்.

"ஹட்டன், குயில்மலைத் தோட்டத்தைப் பிறப்பிடமாகவும், வவுனியாவை வதிவிடமாகவும் கொண்ட திருமதி அங்கம்மாள் பழனியாண்டி நேற்றுக் காலமானார். அன்னார் காலஞ்சென்ற பழனியாண்டியின் அன்பு மனைவியும்..."

குரல் கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி இறங்கி நின்றுவிட்டது. வெள்ளையம்மாள் பெட்டியைத் தட்டினாள். கட்டைகளை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துத் திரும்பப் போட்டாள். இரைச்சல்கூட வரவில்லை.

"அய்யோ, அம்மாளே!" என்று கமலா ஒப்பாரிக்கு வாயைத் திறந்தாள். வெள்ளையம்மாள் அவள் கையைப் பிடித்தாள்.

"இரு. சாயங்காலம் மறுபடி வாசிப்பாங்க."

"என்னங்க்கா பேசறீங்க? பெத்தவ போயிட்டாங்க. அழுவோணுமுங்க்கா."

"அழுவத்தான் போறேன். மகளா அழுவறதா, வேத்தாளா அழுவறதான்னு தெரிய வேணாமா?"

சொல்லிவிட்டுக் கூடையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு பழம் எடுக்கக் கிளம்பிவிட்டாள். பிடிவாதக்காரி. அவள் ஆத்தாவிடமிருந்து வந்த குணம், வேறென்ன? அன்றைக்கு அவள் கூடையில் பச்சைக் காய் நிறையக் கிடந்தது. தேவசிகாமணி பார்த்தார். அவரே உட்கார்ந்து பொறுக்கி எடுத்துப் போட்டார்.

"என்ற ஊட்டுல கரண்டு ரேடியோ இருக்குதும்மா. சாந்தாமேரிகிட்டச் சொல்லியிருக்கேன். சாயந்திரம் எல்லாரும் அங்க வந்துருங்க, நொம்பத் தெளிவாக் கேக்கும்" என்றார். சாந்தாமேரி அவர் சம்சாரம்.

அவர் சொன்ன நேரமோ என்னவோ, மத்தியானத்துக்கு மேல் காற்று கிளம்பி, ரோட்டோரத்துச் சில்வர் ஓக் ஒன்று கம்பியையும் இழுத்துக்கொண்டு சாய்ந்தது. எஸ்டேட் முழுக்கக் கரண்டு போயிற்று. ரோடும் அடைத்துக்கொண்டதால் பஸ் வரவில்லை. ஏற்காட்டுக் கடைக்குப் போய்ப் புதுக் கட்டை வாங்கவும் வழியில்லை. வெள்ளையம்மாள் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். பெட்டி மடியில் இருந்தது.

கமலாவுக்குத்தான் அந்த யோசனை வந்தது. அவள் புருசன் கோவிந்தராஜ் காப்பி குடோனுக்குக் காவல்காரன். அவனுடைய டார்ச் லைட்டைப் பிடுங்கிப் பின்பக்கத்தைத் திருகிக் கட்டைகளை உருவினாள்.

"அடியே, நான் காவலுக்கு எப்படிடீ போறது?" என்றான் அவன்.

"கண்ணத் தொறந்துக்கிட்டுப் போங்க" என்றாள்.

அவன் கட்டையில் ஒன்று நல்லது, ஒன்று பழசு. அப்புறம் ஒவ்வொரு வீடாகப் போனாள். மூடுபனியில், கரண்டும் இல்லாத ராத்திரிக்கு டார்ச் இல்லாமல் வெளியே கால் வைக்க முடியாது. பூச்சி பொட்டு உண்டு, காட்டெருமை உண்டு. இருந்தாலும் யாரும் இல்லை என்று சொல்லவில்லை. முந்தானை நிறையக் கட்டைகளோடு வந்து வெள்ளையம்மாள் முன்னால் கொட்டினாள். போட்டுப் பார்த்து, போட்டுப் பார்த்து, கடைசியில் சரியானது அமைந்தது. பெட்டி இரைந்தது.

பள்ளத்தில் இருந்த லைனைவிட மேலே இருந்த பாறையில் இன்னும் நன்றாகக் கேட்கும் என்றார் தேவசிகாமணி. பெட்டியைத் தன் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு அவரே முன்னால் ஏறினார். சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பெண்களும் ஆண்களும் பின்னால் ஏறினார்கள். மங்கல் வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது. பாறையில் எல்லாரும் பெட்டியைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்தார்கள். வெள்ளையம்மாள் இரண்டு கையையும் மடியில் பின்னிக்கொண்டு உட்கார்ந்தாள்.

குரல் வந்தது. காலையில் கேட்டதைவிடத் தெளிவாக, பக்கத்தில் நின்று சொல்வது போல வந்தது. ஹட்டன், குயில்மலைத் தோட்டம். வவுனியா. அங்கம்மாள் பழனியாண்டி. அப்படியானால் கலவரத்துக்குத் தப்பி ஆத்தா வவுனியாவுக்குப் போயிருக்கிறாள். வயசான காலத்தில் மலையை விட்டு அந்த வெயிலுக்குப் போயிருக்கிறாள். எலும்பை விட்டு வரமாட்டேன் என்றவளையும் விரட்டிவிட்டார்களே என்று வெள்ளையம்மாளுக்கு அந்தக் கணத்தில்தான் உறைத்தது.

"அன்னார் காலஞ்சென்ற பழனியாண்டியின் அன்பு மனைவியும்..."

கமலா வெள்ளையம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"காலஞ்சென்ற..." என்றது குரல் மறுபடியும்.

வெள்ளையம்மாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இன்னும் யார் செத்தது? தம்பியா? ராஜேந்திரனையும் கொன்றுபோட்டார்களா?

"...வெள்ளையம்மாள், ராஜேந்திரன் ஆகியோரின் அன்புத் தாயாரும்..."

"அடப் பாவிகளா!" கமலா துள்ளி எழுந்தாள். "குத்துக்கல்லாட்டம் இங்க உக்காந்திருக்கறவளப் போயிச் செத்துட்டாங்கறானே! அவன் வாயில..."

"சும்மா இரு" என்றாள் வெள்ளையம்மாள். "இன்னும் முடியல."

மருமகள் பேர், பேரப் பிள்ளைகள் பேர் எல்லாம் வந்தன. அவளுக்குத் தெரியாத பேர்கள். பூதவுடல் நாளை பிற்பகல் வவுனியா பொது மயானத்தில் நல்லடக்கம் செய்யப்படும், இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர், தகவல் மகன் ராஜேந்திரன் என்று முடிந்தது. தேவசிகாமணி பெட்டியை அணைத்தார். தலையில் போட்டிருந்த மப்ளரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெள்ளையம்மாள் பக்கம் திரும்பினார்.

"நீங்க போட்ட காயிதம் எதுவும் அவங்களுக்குப் போயிச் சேரலீங்மா. எடம் மாறிட்டாங்கல்ல? இத்தன வருசமாச் சேதியே இல்லீன்னதும் அப்படி நெனச்சுப்புட்டாங்களாட்டம் இருக்குது. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்.

வெள்ளையம்மாள் நிமிர்ந்தாள். எல்லாரும் பயந்துபோய்ப் பார்த்தார்கள். அவள் முகத்தில் அப்படி ஒரு களை. லைனில் யாரும் அதுவரை பார்த்ததில்லை.

"எம் பேரத்தான் மொதல்ல வாசிச்சாங்க. கேட்டீங்கதான? மூத்தவ பேரு மொதல்ல. அப்புறந்தான் தம்பி பேரு."

"அதுக்குன்னு செத்தவங்கன்னா சொல்றது?" என்றாள் கமலா. அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

"செத்தவன்னு சொன்னா என்னா இப்ப? மகளுன்னு ஆத்தா சொல்லிட்டாள்ல? ரெண்டு புள்ளன்னு சொல்லிட்டாள்ல?" வெள்ளையம்மாள் சிரித்தாள். கண்ணில் நீர் வழிந்துகொண்டே சிரித்தாள். சுற்றியிருந்த சில பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எழவுக்குக் கூடிய கூட்டம் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

கமலா பக்கத்தில் உட்கார்ந்து அவள் கண்ணைத் துடைத்தாள். "செரி, விடுங்க்கா. ரோட்டு மரத்த எடுத்தொடனே மொத பஸ்ஸுல போயி வவுனியாவுக்குத் தந்தி குடுத்துரலாமுங்க. வெள்ளையம்மா உசுரோடதான் இருக்கறாங்கன்னு உங்க தம்பிக்குத் தெரியோணுமல்ல?"

"ஆமா, தெரியணும். ராஜேந்திரனுக்குத் தெரியணும்" என்று வெள்ளையம்மாள் தலையாட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்த தலை மெல்ல நின்றது. சிரிப்பு இருந்த இடத்திலேயே இருக்க, கண் மட்டும் மாறியது.

"கமலா."

"சொல்லுங்க்கா."

"தம்பிக்குச் சொல்லிப்புடலாம். ஆத்தாவுக்கு யாரு சொல்றது?"

கமலாவுக்குப் புரியவில்லை.

"நான் முன்னாடியே போயிட்டேன்னு நெனச்சுக்கிட்டுத்தான கண்ண மூடியிருக்கா? மக அங்க இருக்கா, போயிப் பாத்துக்கலாம்னுதான போயிருப்பா?" வெள்ளையம்மாள் கமலாவின் கையைப் பற்றினாள். "அங்க போயி என்னயத் தேடுவாளே கமலா. போனவங்க ஒவ்வொருத்தருகிட்டயும் எம் மகளப் பாத்தீங்களான்னு கேட்டுக்கிட்டு அலைவாளே."

வெள்ளையம்மாள் பாறையில் எழுந்து நின்று, தெற்கே, ஒன்றும் தெரியாத பனியைப் பார்த்து, நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினாள்.

"ஆத்தா, நான் அங்க இல்ல ஆத்தா. இங்க இருக்கேன்."